உன்னைத் தோற்கடிக்க நான் போட்ட பேக்கரிப் பயணம்

என் மகளே,

நாளைக் காலை அட்டன் நகரில் உன் பேக்கரி திறக்கிறது. மாதா கோயில் சுவாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார். பிறகு ரிப்பனை அம்மாதான் வெட்ட வேண்டும் என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். "அன்னைக்கு கொழும்புல பேக்கரி பாக்கப் போனோமே, அந்தப் பயணத்த போட்டதே எங்க அம்மாதான்" என்று அழைப்புச் சொல்லப் போன வீடுகளில் எல்லாம் நீ பெருமையாகச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நீ நினைத்திருப்பாய். அது அடக்கம் இல்லை. அந்தப் பயணத்தை நான் உனக்காகத் திட்டம் போடவில்லை. உனக்கு எதிராகத்தான் போட்டேன். நீ கொழும்பைப் பார்த்து மலைத்துப்போய், மாவையும் வெண்ணெயையும் மறந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று, கடை கடையாக யோசித்துப் போட்ட திட்டம் அது. கத்தரிக்கோலை என் கையில் கொடுப்பதற்கு முன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரில் சொல்ல எனக்கு வராது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் வாய் ஓயாமல் பேசுகிறவள், வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் இடைவெளி. சந்தைக்குப் போனால் அக்காவா தங்கச்சியா என்று கேட்கிறார்கள். அக்கா தங்கை என்றால்கூடச் சில விஷயங்களைப் பேசியிருப்போமோ என்னவோ. தாயாக இருந்துகொண்டு ஒரு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடப்போவதும் இல்லை. அப்பா படிக்கட்டும், அடுத்த வீட்டுக்காரர் படிக்கட்டும். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிற தாய் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு முதலில் வருகிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டாத முதல் பெண் நான். உன்னை மடியில் கிடத்திக்கொண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். எனக்கு ஆசிரியர் நியமனம் வந்த அன்று லயத்தில் எல்லாரும் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். கறை இல்லாத கை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. கையால் செய்கிற வேலை கீழே, பேனாவால் செய்கிற வேலை மேலே. ஒரு தலைமுறை ஏறிவிட்டது, அடுத்தது இறங்கக் கூடாது. நீ மாவு பிசைவதைப் பார்க்கும்போதெல்லாம் நீ ஒரு படி இறங்குவதாகவே எனக்குத் தெரிந்தது. உன் முழங்கை வரை ஒட்டியிருந்த மாவு, நான் தப்பித்து வந்த கொழுந்துக் கறை மாதிரியே இருந்தது.

இத்தனைக்கும் உனக்கு அந்த ஆசையை ஊட்டியதே நான்தான். கிறிஸ்து பிறப்புக்கான நத்தார் கேக்குக்கு நம் ஊரில் வீட்டில் கலவை கலந்து, தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டைக் குத்தி, டவுன் பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவதுதான் வழக்கம். உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என்னோடு வந்தாய். வரிசையாக முப்பது நாற்பது வீட்டுத் தட்டுகள். பாண் ரொட்டியெல்லாம் சுட்டு முடித்து, சூடு தணிந்த விறகு அடுப்பான போறணைக்குள் தலைமைப் பேக்கரிக்காரர் பாஸ் அவற்றை நீளத் துடுப்பால் தள்ளிக்கொண்டிருந்தார். நீ என் பின்னால் நிற்காமல் போறணையின் வாய்க்கு நேராகப் போய் நின்றாய். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மாமா, எங்க தட்டு ஓரமா இருக்கு, ஒரு பக்கம் மட்டும் செவக்குது, திருப்பி வைங்க" என்றாய். பேக்கரியே சிரித்தது. பாஸ் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். "டீச்சர், இவளுக்குக் கண்ணு போறணைலதான் இருக்கு" என்றார். நான் சிரித்துக்கொண்டே உன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இன்றைக்கு யோசித்தால், அன்று தொடங்கியே இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

பிறகு அப்பா யாரோ விற்ற பழைய மின்சாரப் போறணையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சமையலறையில் வைத்தார். விடியும் முன் எழுந்து, வெண்ணெய் உருகாமலிருக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கில் நீர் வழிய வழிய, கிழங்கு வைத்துச் சுடும் பெட்டிஸுக்கு மாவை மடித்தாய். பன் சுடுகிற பனிஸ் மாவு நம் குளிரில் பொங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதற்குக் கம்பளியைப் போர்த்தி மூன்று மணி நேரம் தூங்க வைப்பாய். அப்பா எழுந்து வந்து, "எனக்கு இல்லாத கம்பளியா? உள்ள படுத்திருக்கிறது யாரு?" என்பார். அந்த நாட்களில்தான் ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்கு நீ தெரிவாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. நான் அதைப் படித்துவிட்டு அழுதேன். நீ படித்துவிட்டு மடித்து வைத்தாய்.

"மூணு வருஷம் படிச்சா அரசாங்க வேலை. பென்ஷன் இருக்கு" என்றேன்.

"பென்ஷன் வர்ற வரைக்கும் என்ன செய்றதும்மா?"

"புடிக்குது புடிக்கலன்னு பார்த்திருந்தா நான் உன்ன வளத்திருக்க முடியுமா?"

"அப்போ என்ன வளத்தது ஒங்களுக்குப் புடிக்கலையா?"

நம் வீட்டில் அப்படி ஒரு சண்டை அதற்கு முன் நடந்ததில்லை. அப்பாதான் நடுவில் வந்தார். "ரெண்டு டீச்சரம்மாவும் கொஞ்சம் நிப்பாட்டுங்க. உள்ள பனிஸ் கருகுது." பனிஸைக் காப்பாற்ற ஓடிய நீ, தட்டோடு திரும்பி வந்து ஒன்று சொன்னாய். "ஒரே ஒரு நாள் கொழும்புக்குப் போவோம்மா. அங்க பேக்கரி எல்லாம் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். பாத்துட்டு வந்து நீங்க சொல்றபடி கேக்கிறேன்." கல்லூரிக்குப் பதில் அனுப்ப மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. நான் உடனே சம்மதித்தேன். பயணத் திட்டத்தை நானே போடுகிறேன் என்றேன். நீ என்னைக் கட்டிப் பிடித்தாய்.

உன் பட்டியலில் ஏழு கடைகள் இருந்தன. புறக்கோட்டையில் இன்னும் விறகில் பாண் போடும் ஒரு பழைய பேக்கரி. மருதானையில் ரோல்ஸுக்குப் பெயர்போன ஒரு சின்னக் கடை. வெள்ளவத்தையில் பட்டர் கேக் மட்டும் செய்யும் ஒரு வீடு. எந்தக் கடையில் எத்தனை மணிக்குத் தட்டு வெளியே வரும் என்று தொலைபேசியில் கேட்டு, சூடு ஆறுமுன் போய்ச் சேரும்படி வரிசைப்படுத்தியிருந்தாய். ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு சாமான் வாங்கி, இரண்டாகப் பிய்த்து, மேல் ஓடு, உள் பஞ்சு, வாசம் என்று மூன்றையும் கொப்பியில் எழுத வேண்டும் என்பது உன் சட்டம். நான் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துவதுபோலச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நேரம் போதாது என்று சொல்லிச் சின்னக் கடைகள் எல்லாவற்றையும் வெட்டினேன். அவற்றைப் பார்த்தால் 'இது என்னாலும் முடியும்' என்று உனக்குத் தோன்றிவிடும் அல்லவா? அவற்றின் இடத்தில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் பளிங்குத் தரையும் ஆளுயரக் கண்ணாடியும் கொண்ட மூன்று பெரிய கடைகளைப் போட்டேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம் என்பதால் புறக்கோட்டைப் பேக்கரியை மட்டும் விட்டுவைத்தேன். நீ திருத்திய பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மா, எல்லாம் பெரிய பெரிய கடையா போட்டிருக்கீங்களே" என்று சந்தோஷப்பட்டாய். நான் பேனாவை மூடினேன்.

முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். வட்டவளை தாண்டும்போது இன்னும் இருட்டு விலகவில்லை. கித்துல்கலையில் பஸ்ஸை நிறுத்தியதும் நான் பையைத் திறந்து தக்காளி ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலையும் எடுத்தேன். "பேக்கரி பாக்கப் போறோம்மா, வயித்த காலியா வைக்கணும்" என்று நீ கெஞ்சினாய். "வெறும் வயித்தோட ஊருக்குப் போவாங்களா?" என்று உனக்கு நான்கு ரொட்டி கொடுத்தேன், நானும் நான்கு தின்றேன். இதுமட்டும் சூழ்ச்சி இல்லை என்று சத்தியம் செய்கிறேன். எங்கே போனாலும் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போகிற நம் ஆட்களின் புத்தி அது. விளைவு, புறக்கோட்டையில் அந்த விறகுப் போறணைப் பாணை இரண்டாகப் பிய்த்தபோது உன்னால் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. கொப்பியில், 'மேல் ஓடு நல்ல மொறுமொறுப்பு. வாசம் பிரமாதம். உள் பஞ்சு: அம்மாவின் ரொட்டி இடம் விடவில்லை' என்று எழுதினாய். அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அடுத்தது கொள்ளுப்பிட்டிக் கடை. நான் பட்டியலில் உச்சியில் வைத்திருந்த கடை. உன்னை வீழ்த்த நான் நம்பியிருந்த கடை. வீதியின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கேக்குகள், நகைக்கடை மாதிரி. வாசலில் சீருடை போட்ட ஒருவர் கார்களில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்து உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தில் பயம் ஒன்றும் இல்லை. நீ வீதியைக் கடந்து நேராக வாசலை நோக்கி நடந்தாய். நான்தான் உன் கையைப் பிடித்து நிறுத்தி, "அங்கிட்டு இல்ல, இப்படி வா" என்று பக்கத்துச் சந்துக்குள் திருப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. யோசித்துச் செய்யவே இல்லை, என் கால்கள் செய்தன. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு எதற்காகப் போனாலும் நம் ஆட்கள் முன்வாசலில் மிதிப்பதில்லை. பூந்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் போய்க் காத்து நிற்பார்கள். சின்ன வயதில் என் தகப்பனோடு ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க அப்படித்தான் போய் நின்றேன். பிறகு எத்தனை புத்தகம் படித்தேன், எத்தனை பரீட்சை எழுதினேன், எத்தனை மேடையில் பேசினேன். பளபளப்பான ஒரு வாசலைக் கண்டதும் எல்லாம் உதிர்ந்துவிட்டது. உன்னைப் பயமுறுத்தப் போட்ட திட்டத்தில் பயந்தது நான். நீ "எங்கம்மா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாய். சந்தின் முடிவில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே போனால் சமையல்கூடம்.

தொப்பி போட்ட ஓர் ஆள் நிமிர்ந்து பார்த்து, என் முகத்தில் என்ன கண்டாரோ, தமிழிலேயே பேசினார். "வாங்க அக்கா, இப்பதான் வர்றீங்களா? எந்தத் தோட்டம்?"

"அட்டன் பக்கம்" என்றேன்.

"நான் இறம்பொடைத் தோட்டம். வேலைக்கு ரெண்டு பேர் வருவாங்கன்னு மேடம் காலைலருந்து கேட்டுட்டு இருக்காங்க. கைய கழுவிட்டு இந்தக் கிழங்க உரிங்க."

நாங்கள் வேலைக்கு வரவில்லை, நான் ஓர் ஆசிரியை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் கிழங்குச் சட்டியை என் முன் தள்ளிவிட்டு நகர்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் நீ ஏற்கெனவே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாய். உன் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குளிரூட்டிய ஒரு சின்ன அறை, அதில் கல் மேசை, மேசையில் வெண்ணெய் வைத்து மடித்த மாவு. அவ்வளவுதான், நீ போய்விட்டாய். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பெட்டிஸுக்கு அவித்து வைத்திருந்த உருளைக்கிழங்கை உரித்தேன். என் நகம் வேகமாக ஓடவில்லை. இறம்பொடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, கொழுந்து எடுக்கிற மாதிரி கிள்ளிக் கிள்ளி எடுக்கிறீங்க? அக்கா எந்தக் காலத்துல பேர் முடிக்கிறது?" என்றார். கூடமே சிரித்தது. நாட்கூலிக்குக் குறித்த அளவு கொழுந்தை எடுத்துப் பேர் முடிப்பது இருக்கட்டும், வாழ்க்கையில் ஒரு கொழுந்துகூடக் கூடையில் போடாதவள் நான். தலையைக் குனிந்துகொண்டு உரித்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மாவைத் தேய்க்க, வெண்ணெய் கிழித்துக்கொண்டு வெளியே வருவது எனக்கே தெரிந்தது. நீ சிங்களத்தில் அண்ணன் முறை வைத்து அவரிடம், "ஐயே, அது சூடாகிவிட்டது, கொஞ்ச நேரம் குளிரில் வையுங்கள்" என்று சொன்னதும், பக்கத்தில் நின்ற பெண்மணி திரும்பினார். ஐம்பது வயது இருக்கும், முழங்கை வரை மாவு. அவர்தான் கடை முதலாளி மேடம், உன்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"நங்கி, உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"வா, செய்."

நீ எடுத்தவுடன் உருட்டவில்லை. புறங்கையால் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாய். ஓர் ஆள் அவசரப்படுத்தினார். மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு எடுத்தாய். அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே தள்ளினாய், மூன்றாக மடித்தாய், திருப்பினாய், மறுபடி தள்ளினாய். கத்தியை இழுக்காமல் நேராக இறக்கி வெட்டினாய். முட்டையை மேலே மட்டும் பூசினாய், ஓரத்தில் ஒரு சொட்டு வழிய விடவில்லை. நான் கிழங்கை மறந்துவிட்டேன். பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை, எந்தப் பாடத்துக்கும் நீ இப்படிக் குனிந்து நான் கண்டதில்லை. எதையும் நிரூபிக்க நீ அங்கே நிற்கவில்லை. அந்த மாவுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் செய்துகொண்டிருந்தாய்.

"எங்கே பழகினாய்?" என்று மேடம் கேட்டார்.

"வீட்டில். அட்டனில்."

"வீட்டில் குளிரூட்டி இருக்கிறதா?"

"இல்லை மேடம். காலையில் ஜன்னலைத் திறந்தால் போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மேலே உறுமிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தார். "இந்த ஓர் அறையைக் குளிர வைக்க நான் என்ன பாடு படுகிறேன். உங்களுக்கு ஊரே அப்படியா?" என்றார். போறணைக் கதவு திறந்து தட்டு வெளியே வந்தது. ஒவ்வொன்றும் ஓரங்களில் தாள் தாளாகப் பிரிந்து, நான்கு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. இறம்பொடைக்காரர் ஒன்றை எடுத்துக் காதோரம் நெரித்துப் பார்த்து, "ஏய், சத்தத்த கேளுங்கப்பா" என்றார்.

"இந்தப் பிள்ளையை அனுப்பியது யார்?" என்று மேடம் கேட்டபோதுதான் நான் எழுந்து, தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து சொன்னேன். "நான் அவ அம்மா. நாங்க வேலைக்கு வரல்ல மேடம். கடைய பாக்கத்தான் வந்தோம். நான் ஒரு டீச்சர்." அவர் முகம் மாறியது. என் கையில் இருந்த கிழங்கைத் தானே வாங்கிக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்டார். பிறகு, புரியாமல், மரியாதையாகவே கேட்டார்: "அப்படியானால் டீச்சர் ஏன் பின்னால் வந்தீர்கள்?"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நீ சொன்னாய்: "முன்னால வந்திருந்தா உங்கள பாத்திருக்க மாட்டோமே மேடம்." அவ்வளவு இயல்பாகச் சொன்னாய், நாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல. அந்த ஒரு வாக்கியத்தில் நீ என் மானத்தைக் காப்பாற்றினாய். உன்னைத் தலைகுனிய வைக்கக் கூட்டி வந்தவளின் தலையை நீ நிமிர்த்தினாய். நான்கு கடைக்குப் போட்ட பயணம் இரண்டாவது கடையிலேயே முடிந்தது. முன்பக்கம் கூட்டிப்போய், மேசையில் உட்கார வைத்து, நீ செய்ததையே தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சட்டப்படி ஒன்றை இரண்டாகப் பிய்த்தோம். ஒரு வருடம் தன்னிடம் வேலை பழக வரலாம் என்று மேடம் ஒரு துண்டில் தொலைபேசி இலக்கத்தை எழுதி என் கையில் கொடுத்தார். தாயின் கையில் கொடுப்பதுதான் முறை என்று நினைத்திருப்பார், பாவம்.

அந்தத் துண்டு தொலைந்துவிட்டது என்று நான் உன்னிடம் சொன்னேன். தொலையவில்லை. நீ ஒருநாளும் தொடாத என் புத்தகம் ஒன்றுக்குள் ஒன்பது நாள் வைத்திருந்தேன். அவ்வளவும் பார்த்த பிறகும் ஒளித்து வைத்தேன் மகளே. நீ வெற்றி பெற்றதை என் கண்ணால் கண்டேன், ஆனால் தோற்க எனக்கு மனம் வரவில்லை. நீ ஒரு தடவை கேட்டாய், பிறகு கேட்கவில்லை. பத்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், மேசையில் உட்கார்ந்து கல்லூரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய். பயணம் போய் வந்தால் நான் சொல்கிறபடி கேட்பதாக வாக்குக் கொடுத்தாய் அல்லவா? கோபமும் இல்லை, முகச் சுளிப்பும் இல்லை. அழகான கையெழுத்தில், கட்டம் கட்டமாக எழுதினாய். எனக்கு வேண்டியது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தேன். கல் மேசையில் மாவுக்குச் செவி கொடுத்த கை அது. படிவத்தில் அது யாருடைய கையோபோல நகர்ந்தது. ஒரு பிள்ளை கீழ்ப்படிவது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து, துண்டை எடுத்து, என் உடைந்த சிங்களத்தில் நானே மேடத்துக்குப் பேசினேன். வெளியே வந்து, "திங்கக்கிழமை வரச் சொல்றாங்க" என்றேன். "தொலஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க?" என்றாய். "கெடச்சுச்சு" என்றேன். நீ என்னையே பார்த்தாய். உனக்கு அன்றே தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அப்பா மட்டும், "டீச்சரம்மா தோத்துட்டாங்கடா பாப்பா, போ, பெட்டிய கட்டு" என்றார். அந்தத் தோல்வியைப்போல ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

ஒரு வருடம் என்று போனவள் ஒன்றரை வருடம் நின்றாய். மேடம் உன்னைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு விடுமுறை போகிற அளவுக்கு வந்தாய். பிறகு, கொழும்பிலேயே இரு என்று அவர் கேட்டும் நீ குளிரைத் தேடி ஊருக்கு வந்தாய். பெரிய ஊர் காசு கொடுத்து வாங்குகிற குளிர் நம் ஊரில் சும்மா கிடக்கிறது, அதை வைத்து ஏன் நாம் செய்யக் கூடாது என்று கேட்டாய். நேற்று உன் கடையின் சோதனைத் தட்டை நான் தின்று பார்த்தேன். புத்தி சொல்லும் டீச்சர் பழக்கம் என்னிடம் இன்னும் இருக்கிறது, பொறுத்துக்கொள். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களைக் கணக்கில் எடுக்காதே, திரும்பி வருகிறவர்களை எடு. கருகிய தட்டை ஒளிக்காதே, என்னைப்போல ஒன்பது நாள் ஒளித்தால் அது உள்ளே கிடந்து புளிக்கும். கிழமையில் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கு. நாளை உனக்கும் பிள்ளை பிறந்து, அவள் வந்து மாவு பிடிக்கவில்லை, படிக்கப் போகிறேன் என்றால் சிவப்புப் பேனாவைத் தேடாதே.

இதெல்லாம் படித்த பிறகும் ரிப்பனை நான் வெட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வெட்டுகிறேன். இல்லை என்றால் அப்பா வெட்டட்டும், நான் கைதட்டுகிறேன். உன் விருப்பம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ ஊர் திரும்பிய பிறகும்கூட, இந்த இரண்டு வருடமும் பள்ளிக்கூடத்தில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "கொழும்புல ஒரு கம்பனில இருக்கா" என்று மட்டும் சொல்லிவந்தேன், திறப்பு அழைப்பையும் அங்கே கொடுக்கவில்லை. உன்னைப் பற்றி வெட்கம் ஒன்றும் இல்லை. என் பழைய கணக்கை நான் இன்னும் முழுவதுமாக அழிக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு லீவு கேட்க இன்று பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இத்தனை வருடமும் 'சொந்த அலுவல்' என்றே எழுதுவேன். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று. இன்று, 'என் மகளின் பேக்கரி திறப்பு' என்று எழுதினேன். அதிபர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"யாரோட பேக்கரி டீச்சர்?"

ஆசிரியர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்பில் பேசுகிற குரலில், கடைசி வாங்கில் உட்கார்ந்த பிள்ளை வரை கேட்கிற குரலில் சொன்னேன்.

"என் மகளோடது சார். கல்லூரி கெடச்சும் போகல்ல, பேக்கரி போட்டிருக்கா. அவளே மாவு பெசஞ்சு, அவளே சுடுறா."

அதிபர் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பித் தராமல், "நாங்களும் வரலாமா? எட்டு மணிக்கு வந்தா ஏதாவது கெடைக்குமா?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்கு மொதல் தட்டு வெளிய வரும் சார்" என்றேன். "எட்டுக்கு வந்தா ஒண்ணும் மிஞ்சாது."

அம்மா